கழித்த கடுகு

சாட்சி சொல்ல ஆள் வேண்டும், வாருங்கள். வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். எல்லாருக்கும் வேலை இருந்ததனால்தான் இது நடந்தது. ஒரு குடும்பத்தின் மீது யாரும் கை ஓங்கவில்லை, கூரையில் யாரும் தீ வைக்கவில்லை. கூலி என்று சொல்லிக் கொடுத்த பொருளைக் கொண்டே அந்தக் குடும்பத்தைப் படுக்க வைத்தார்கள். கொலைக்கு ஆயுதம் எங்கே என்று கேட்கும் நீதிமன்றம் இதை விசாரிக்காது. ஆயுதம் கடுகளவுதான் இருந்தது. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாம் செடிகொடிகளை நம்பி வாழ்கிறவர்கள். பிள்ளைக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுடுகிறோம். புண்ணுக்கு மஞ்சளை இழைக்கிறோம். இருமலுக்குத் துளசியையும் அரிப்புக்கு வேப்பிலையையும் தேடுகிறோம். சுவரோரம் தானாக முளைத்த பூண்டைப் பிடுங்குவதற்கு முன்னால்கூட, இது எதற்கு ஆகும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம். மண்ணிலிருந்து வருவது நமக்குத் தீங்கு செய்யாது என்ற அந்த எண்ணத்தை நான் ஏளனம் செய்யப்போவதில்லை. அந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று மூட்டை கட்டுகிறவனைத்தான் காட்டப்போகிறேன்.

அந்தக் குடும்பத்துத் தாயைக் கண்ணுக்காரி என்று அழைத்தார்கள். கடுகுக் கிடங்கில் பதினொரு ஆண்டுகளாகப் புடைக்கிறவள். தகரக் கூரை; சுவரின் உச்சியில் இரண்டு சன்னல்கள்; கீழே வரிசையாக இருபது பெண்கள். உள்ளே நுழைகிற எவரும் முதலில் தும்முவார்கள், பிறகு கண்ணைத் துடைப்பார்கள், மூன்றாம் நாள் இரண்டையும் மறந்துவிடுவார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும் பெரிய சல்லடையில் கல்லும் தட்டையும் நிற்கும். சிறிய சல்லடையில் தூசி இறங்கிப்போகும். இவ்வளவையும் எந்திரம் செய்துவிடும். அதற்குப் பிறகு கடுகின் அளவிலேயே, கடுகின் கறுப்பிலேயே மிஞ்சுகிற வேற்று விதையைப் பிரிக்க மட்டும் மனிதக் கை வேண்டும். முறத்தைச் சற்றே சாய்த்து விளிம்பில் விரலால் தட்டுவார்கள். வழவழப்பான கடுகு உருண்டு கீழே ஓடும். சொரசொரப்பான விதை ஓடாமல் பின்தங்கி நிற்கும். அதைப் புறங்கையால் ஒதுக்கித் தன் பக்கத்திலுள்ள டின்னில் போட வேண்டும். பெண்கள் அதற்கு முரட்டுக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் உண்மைப் பெயரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

கண்ணுக்காரியின் முறத்தில் ஒரு விதைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது; பெயரும் அதனால்தான் வந்தது. அவள் புடைத்த கடுகுக்கு மேஸ்திரி தனிச்சாக்கு வைத்திருந்தார். அது பெரிய கடைகளுக்குப் போவது.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் வேலைக்குக் கூலி கிடையாது. அதற்குப் பதிலாக, வாரம் முழுவதும் தான் கழித்ததைத் தானே எடுத்துக்கொண்டு போகலாம். உன் கழிவு உனக்கு. அதில் முரட்டுக் கடுகோடு நொறுங்கிய கடுகும், சுருங்கிய கடுகும், தவறி விழுந்த நல்ல கடுகும் கலந்திருக்கும். செக்கில் கொடுத்து ஆட்டினால் ஒரு வாரத்துச் சமையலுக்கு எண்ணெய் ஆகும். யார் அதிகம் கழிக்கிறாரோ அவருக்கு அதிகம் கிடைக்கும் என்பதால் இது உழைப்புக்குத் தரும் ஊக்கம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஏற்பாட்டை நன்றாக நினைவில் வையுங்கள். எந்தப் பெண் உங்கள் வீட்டுக் கடுகை மிகச் சுத்தமாக்கினாளோ, அவளே தன் வீட்டுக்கு மிக அதிகமான அழுக்கை எடுத்துச் சென்றாள்.

இந்த ஆண்டு மழை கடுகை ஏமாற்றிவிட்டுக் களையை வளர்த்தது. விதைத்த நேரத்தில் வராமல், பயிர் தலைசாய்ந்த பிறகு வந்தது. வந்த மூட்டைகளில் பாதி கனம் வேற்று விதையாக இருந்தது. வழக்கமாக அரை டின் சேர்கிறவளுக்கு முழு டின் சேர்ந்தது. கண்ணுக்காரியின் டின்னில் மூடி நிற்கவில்லை.

"என்னம்மா, செக்கு வாங்கி உள்ள வெச்சிருக்கியா?" என்றார் மேஸ்திரி. "இவ்வளவையும் யாரு திங்கிறது?"

"மூணு பேர் இருக்கோம் அண்ணே. மூணரைன்னு வெச்சுக்குங்க."

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து முறத்துக்காரி, வாயாடி என்று பெயர் வாங்கியவள், "அந்த அரைதான்டி ஆறு பேர் சாப்பாடு சாப்பிடும். பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

அரை என்றது கண்ணுக்காரியின் மகள் வயிற்றில் இருந்த பிள்ளையை. ஏழாம் மாதம். மருமகன் லாரி ஓட்டுகிறவன். போனால் இருபது நாள் திரும்பமாட்டான். அதனால் மகள் தாய்வீட்டில் இருந்தாள். திருமணமாகி ஆறாம் ஆண்டில் தங்கிய கரு. அதற்கு முன்னால் தங்காமல் போனவை இரண்டு. இந்தப் பிள்ளை முழுசாக வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அந்த நாட்களில் வேறு எண்ணம் இல்லை.

வீடு இரண்டு அறை. முன்னறையில் சன்னலோரம் தையல் எந்திரம். அதன் முன்னால் கண்ணுக்காரியின் கணவர். பள்ளிச் சீருடை தைப்பவர். வெள்ளைத் துணி எப்போதும் மலைபோலக் கிடக்கும். பின்னறையில் அடுப்பும் படுக்கையும். அடுப்பில் எது வெந்தாலும் மகள் தட்டில் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விழும். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று தாய் சொல்வாள்.

முதலில் வயிறு கெட்டது. மூவருக்கும் இரண்டு நாள் பேதி. மாதுளை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துக் கொடுத்தார்கள், நின்றது. நின்றதால் மறந்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் தையற்காரர் வாசலில் உட்கார்ந்து செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இத யாரு தண்ணியில ஊறப் போட்டது? சுருங்கிப் போய்க் கெடக்கு."

"செருப்பு அப்படியேதாங்க இருக்கு. உங்க கால்தான் பெருசாகிடுச்சு."

"இந்த வயசுல வளர்றேனா? அடுத்த வருஷம் கதவ இடிச்சுக் கட்டணும்போல."

"நாள் பூரா மிதிச்சுக்கிட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும்? ராத்திரி தலகாணி வெச்சுக் கால ஒசத்திப் படுங்க."

மகள் பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, இந்தக் கொலுசு கழல மாட்டேங்குது."

சோப்பு நுரை போட்டுத் தேய்த்துத்தான் கழற்ற முடிந்தது. கொலுசு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். தாய் அதன்மீது கை வைத்தாள். தோல் சூடாக, சிவந்து, இழுத்துக் கட்டியதுபோல இருந்தது.

பக்கத்து வீட்டுப் பால்காரம்மா வந்து பார்த்தாள். அந்தத் தெருவில் யாருக்கு என்ன நோவு என்றாலும் அவள் வாயிலிருந்து ஒரு செடியின் பெயர் வராமல் போகாது. "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குக் கால் நீர் வைக்கிறது அதிசயமா? மூக்கிரட்டைக் கீரை இருக்குல்ல, சாக்கடை ஓரம் படர்ந்து கெடக்குமே, அதப் பறிச்சு வதக்கிக் குடு. நீரெல்லாம் எறங்கிடும்."

"கசக்குமே அக்கா. இவ முகத்தச் சுளிப்பாளே."

"எண்ணெய தாராளமா விட்டு வதக்குடி. உங்க வீட்டுல எண்ணெய்க்கா பஞ்சம்?"

அன்று முதல் நாள் தவறாமல் கீரை. டின்னிலிருந்து வந்த எண்ணெயில் நன்றாக முக்கி வதக்கிய கீரை. பால்காரம்மா சொன்னதில் பிழை கிடையாது. அந்தக் கீரை நீரை இறக்கக்கூடியதுதான். ஆனால் இறக்கியதைவிட அதிகமாகச் சட்டியே ஏற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை செக்குக்காரர் எண்ணெய்ப் பாத்திரத்தை நீட்டிவிட்டு, பிண்ணாக்கைத் தனியாகக் கட்டி அவள் பக்கம் தள்ளினார்.

"இத நீயே எடுத்துக்க அக்கா. என் எருமை மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது."

"உங்க எருமைக்குத் திமிரு. வேளாவேளைக்குப் போட்டா இப்படித்தான்."

"எருமைய விடு. எண்ணெய மோந்து பாரு. கடுகெண்ணெய்னா மூக்குல ஏறணும், கண்ணுல தண்ணி வரணும். இது என்னமோ செத்தவன் வீட்டு வாசல் மாதிரி சும்மா கெடக்கு."

அவள் மோந்து பார்த்தாள். "காரம் இல்லாம இருக்கிறது நல்லதுதான் அண்ணே. புள்ளத்தாச்சிக்குக் காரம் எதுக்கு?"

செக்குக்காரர் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்; பிறகு, ஏனோ, இன்னொரு முறை துடைத்தார்.

அடுத்த வாரம் வெயில் இறங்காமல் நின்றது. காற்று இல்லை. துவைத்துப் போட்ட துணி கயிற்றில் அசையாமல் தொங்கியது. மகள் நடுப்பகலில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருவதுபோல இருக்கிறது என்றாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் பாயில் ஊன்றி, மூச்சை எண்ணி எண்ணி இழுத்தாள். தையற்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டு மகளின் மூச்சைக் கேட்பார், மறுபடி மிதிக்கத் தொடங்கினால் அவருக்கே மூச்சு வாங்கும், மறுபடி நிறுத்துவார். கண்ணுக்காரி விளக்கைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, இந்த பல்ப சுத்தி வானவில் மாதிரி வட்டமா தெரியுதே. உங்களுக்குத் தெரியுதா?"

"உன் கண்ணுக்கு மட்டும் எல்லாம் கூடத்தான் தெரியும். எனக்கு பல்பே மங்கலா இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பதற்கு வேண்டிய மூச்சு இல்லை.

மாதம் ஒருமுறை தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸ் அடுத்த நாள் காலை வந்தாள். மகளின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி மேலே வரவில்லை. அவள் தையற்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்க கால நீட்டுங்க."

"எனக்கென்னம்மா? நான் மாசமாவா இருக்கேன்?"

"நீட்டுங்க."

குழி விழுந்தது. பிறகு கண்ணுக்காரியின் காலைக் கேட்டாள். அங்கும் குழி விழுந்தது. நர்ஸ் பையை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும்தான் வீட்டாருக்குப் பயம் வந்தது.

"வயித்துப் புள்ளைக்காரிக்குக் கால் வீங்கினா ஒரு காரணம் சொல்லலாம். மூணு பேருக்கும் வீங்கினா அது சாப்பாட்டுல இருந்து வருது. தண்ணி எங்க பிடிக்கிறீங்க?"

"தெருக்குழாய்லதான். எல்லாரும் அதுலதான்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று வாசலில் வந்து நின்ற பால்காரம்மா தன் காலைத் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"எண்ணெய்?"

"கிடங்குல கொடுக்கிற கடுகுதான். ஆட்டிக்குவோம்."

"வேற யாரு வீட்டுக்கு அந்தக் கடுகு போகுது?"

கண்ணுக்காரிக்குப் போன வாரம் வாயாடி சொன்னது நினைவுக்கு வந்தது. "என் மாமியாருக்குக் காலு யானைக்கால் மாதிரி ஆயிடுச்சு. இனி என்னை உதைக்க முடியாது" என்று சொல்லிக் கிடங்கையே சிரிக்க வைத்திருந்தாள்.

ஆட்டியது போக மிஞ்சிய விதை இருந்த டின்னைக் கொண்டுவரச் சொன்னாள் நர்ஸ். தையற்காரர் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைத் தரையில் விரித்தார். கண்ணுக்காரி ஒரு கைப்பிடி அள்ளி முறத்தில் இட்டுச் சாய்த்தாள், விளிம்பில் தட்டினாள். பதினொரு ஆண்டுப் பழக்கம். கொஞ்சம் கடுகு உருண்டு ஓடித் துணியில் விழுந்தது. மீதியெல்லாம் முறத்தில் நின்றது. நாலில் மூன்று பங்கு நின்றது. டம்ளரின் அடியால் கடுகை நசுக்கினாள், உள்ளே மஞ்சள். முறத்தில் நின்றதை நசுக்கினாள், உள்ளே வெள்ளை.

பால்காரம்மா குனிந்து ஒரு விதையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். "இது பிரமதண்டுல்ல. முள்ளு முள்ளா இலை, மஞ்சப் பூ. குடியோட்டிப் பூண்டுன்னும் சொல்லுவாங்க. இதோட பால சொறி செரங்குக்குப் போடுவோமே, மருந்துச் செடியாச்சே."

"தோல்மேல தடவுறது வேற, சோத்துல ஊத்துறது வேற அக்கா" என்றாள் நர்ஸ். "இந்த விதை எண்ணெய் உள்ள போனா ஒடம்பு பூரா நீர் கோத்துக்கும். நெஞ்சுல கோத்துக்கும். கண்ணையும் கெடுக்கும். பேசிக்கிட்டு இருக்க நேரமில்ல. வண்டி கூப்பிடுங்க."

மகள் சுவரில் சாய்ந்தபடியே கேட்டாள்: "அம்மா, நீ வேணும்னா பண்ண? தெரியாமதான பண்ண. அழாத."

அந்த வார்த்தையைத் தாங்குவதற்குக் கண்ணுக்காரி அடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் மகளின் நெஞ்சிலிருந்து நீரை இறக்க இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை தானாக வெளியே வந்தது. ஆண் பிள்ளை. விரல், நகம், புருவம் எல்லாம் இருந்தன. அழுகை மட்டும் இல்லை. லாரிக்காரன் எங்கோ ஒரு நெடுஞ்சாலையிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தான். தையற்காரர் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார், மனைவி திரும்ப அவரிடமே கொடுத்தாள். மகள் பிழைத்தாள். இதயம் தளர்ந்திருக்கிறது, இனி ஒரு பிள்ளையைச் சுமக்கலாமா என்பதை இப்போது கேட்காதீர்கள் என்றார் மருத்துவர்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் கண்ணுக்காரி கிடங்குக்குப் போனாள். முறத்தை எடுக்கவில்லை. மேஸ்திரியின் மேசைக்கு முன்னால் நின்று, மடியிலிருந்து ஒரு பிடி விதையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது என்ன அண்ணே?"

"கழிவு. நீ கழிச்சதுதான்."

"இத தின்னா ஆள் சாவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முறங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேஸ்திரி கெட்ட மனிதர் அல்லர். தன்மீது பழி விழுகிறது என்று கண்டதும் பதறிப்போய், தன்னைக் காத்துக்கொள்ள வாயில் வந்ததைச் சொன்னார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன டாக்டரா? முதலாளி வீட்டு மாட்டுக்கு மட்டும் இந்தப் பிண்ணாக்கப் போடக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு. அதுவும் கறவ மாடாச்சே, எதுக்கு வம்புன்னு சொல்லியிருப்பாரு. மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே எட்டியது.

"மாட்டுக்குச் சொல்லியிருக்காரு" என்றாள் வாயாடி, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டார்கள்.

நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? முதலாளிக்குத் தெரிந்திருந்தது. பால் கொடுக்கிற மாட்டின் தீனித்தொட்டியில் விழக் கூடாத விதை, பால் கொடுக்கப்போகிற பெண்ணின் தட்டில் விழலாம் என்று அவன் தீர்மானித்திருந்தான். தீர்மானித்தான் என்பதுகூட மிகையான மரியாதை. பெண்களின் தட்டைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. மாடு செத்தால் அவனுக்கு நட்டம். இவர்கள் செத்தால் வாசலில் வேறு இருபது பேர் நிற்கிறார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு டின்கள் வழக்கம்போல வரிசையில் நின்றன. கண்ணுக்காரி தன் டின்னைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். வாயாடி கவிழ்த்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர் கவிழ்த்தார்கள். மற்ற எட்டுப் பேரில் ஒருத்தி டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"கொட்டுடி" என்றாள் கண்ணுக்காரி.

"கொட்டிட்டு? வெறுங்கையோட போய் அடுப்புல என்னத்த அக்கா ஊத்துவேன்?"

"வெறும் தண்ணிய ஊத்து."

"ஒரு நாளைக்கு ஊத்தலாம். நாலு பிள்ளைங்க. எத்தன நாளைக்கு?"

மேஸ்திரி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வேணாம்னா விட்டுடுங்கம்மா. கட்டாயம் இல்ல. ஆனா சனிக்கிழமைக்கு இதுதான். இதுக்கு மேல கேட்டா என்னால சொல்ல முடியாது. அவரு திங்கக்கிழமை வேற ஆள் வைக்கச் சொல்லிடுவாரு."

கண்ணுக்காரி அந்தப் பெண்ணின் டின்னைப் பிடுங்கக் கை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. போன சனிக்கிழமைவரை தானும் அப்படித்தான் இடுக்கிக்கொண்டு போனவள். அவள் கையை இறக்கினாள். எட்டுப் பெண்கள் டின்னோடு தெருவில் இறங்கி, செக்கை நோக்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். அவர்களில் இருவர் நொண்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த எட்டு வீடுகளிலும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை எனக்கும் உங்களுக்கும் உண்டு. டின்னைக் கவிழ்க்கச் சொல்லி அவர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள்; பசித்தவளிடம் விழிப்புணர்வு பேசுவது வெட்கக்கேடு. முதலாளியிடம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவோடு, சங்கத்தோடு, நர்ஸையும் செக்குக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வரும் சனிக்கிழமை வேலைக்குக் கையில் கூலி கொடு என்று கேளுங்கள். கழித்த விதையை அவர்கள் கண்ணெதிரே எரித்துவிடு என்று கேளுங்கள். வேறு ஆள் வைப்பேன் என்பான். அந்த வேறு ஆளாக உங்கள் தெருவிலிருந்து ஒருத்தியும் போகமாட்டாள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் செய்யுங்கள். இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.